ஓர்கன் மாடத்தில் சொன்னது

ஓர்கன் வாசிப்பவர் பூசை முழுவதும் பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார். குரு எப்போது எழும்புகிறார், எப்போது கைகளை விரிக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவருடைய தலைக்கு மேலே ஒரு கண்ணாடி பூட்டியிருக்கும். அம்புறோஸ் தன்னுடைய கண்ணாடியைத் தானே பூட்டினார். அது ஒரு பழைய லொறியின் பக்கக் கண்ணாடி. பழையது உடைந்தபோது, புதியதுக்கு விண்ணப்பம் எழுதி நான்கு மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாமல், கடதாசித் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒருவரிடம் கேட்டு வாங்கிவந்தார். அதில் பீடம் தெரிந்தது. லொறிக் கண்ணாடி அகலமானது என்பதால் சனம் இருக்கிற இடதுபக்க வாங்குகளின் முதல் நான்கு வரிசைகளும் தெரிந்தன. மூன்றாவது வரிசையில் கிறகோரி இருப்பார்.

ஆஹெனிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் போனால் வருகிற சிறு நகரம் அது. ஞாயிறு ஒன்பதரைக்கு ஜெர்மன் பூசை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குத் தமிழ்ப் பூசை. இரண்டுக்கும் அம்புறோஸ்தான் வாசித்தார். கல்யாணங்களுக்கும் அடக்கங்களுக்கும் அவர்தான்.

அவர் 1963இல் மன்னார்த் தீவின் ஒரு கரையோர ஊரில் பிறந்தவர். தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஊர்க் கோவிலில் காலால் மிதித்துக் காற்று அடிக்கிற சிறிய ஓர்கன் ஒன்று இருந்தது. அதை வாசித்த ஆசிரியை இடமாற்றம் பெற்றுப் போன பிறகு ஒரு வருடம் மூடியே கிடந்தது. பன்னிரண்டு வயதில் அம்புறோஸ் அதைத் திறந்து பார்த்தார். துருத்தித் தோலை எலி கடித்திருந்தது. சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினார். பிறகு யாரும் சொல்லித்தராமலே, தெரிந்த பாட்டுகளை ஒவ்வொரு கட்டையாகத் தேடிப் பிடித்தார்.

1986இல், இருபத்திமூன்று வயதில், கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்கு வந்தார். அகதி முகாமிலிருந்து இந்த நகரத்துக்கு அனுப்பினார்கள். கடதாசித் தொழிற்சாலையில் வெட்டு இயந்திரத்தில் வேலை கிடைத்தது. காதுக்கவசம் போடாமல் அவர் ஒரு நிமிடமும் அந்த இயந்திரத்தின் அருகில் நின்றதில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். காதை எதற்காகப் பாதுகாக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது.

1994இல் கோவிலின் ஓர்கன்காரர் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். பூசை முடிவில் குரு, யாருக்காவது வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். பின் வாங்கிலிருந்து அம்புறோஸ் பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினார். அடுத்த ஞாயிறு மாடத்தில் ஏறி இருந்தார். கைகள் சரியாகத்தான் வாசித்தன. ஆனால் கால்களுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். பதினொரு வருடம் மிதித்துப் பழகிய கால்கள், இங்கே மின்சாரம் காற்றைத் தருகிறது என்பதை மறந்து, கீழே இருந்த மரக்கட்டைகளை மாறி மாறி மிதிக்கத் தொடங்கின. ஜெர்மன் ஓர்கனில் அந்தக் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு சுரம். கோவிலின் மிகப் பெரிய குழல்கள் உறுமின. யன்னல்கள் அதிர்ந்தன. ஒரு கிழவி எழும்பி வெளியே போய்விட்டாள். அம்புறோஸ் சப்பாத்தைக் கழற்றி, இரண்டு காலையும் வாங்கின் கீழ்ச் சட்டத்தில் பின்னிக் கட்டியதுபோல வைத்துக்கொண்டு மிச்சப் பூசையை வாசித்து முடித்தார்.

பிறகு மூன்று வருடம் சனிக்கிழமைகளில் ஆஹெனுக்குப் போய், பகுதிநேர ஓர்கன் வாசிப்பாளருக்கான மறைமாவட்டப் பரீட்சைக்குப் படித்தார். 1998இல் சித்தியடைந்தார். கால்கள் பழைய வேலையை மறந்தன.

அந்த வருடம்தான் அவர் தன்னுடைய முதல் பாட்டை எழுதினார். ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்று பூசைத் தொடக்கத்தில் மூன்று தரம் கேட்கிற மன்றாட்டு. பிறகு நாற்பது பாட்டுகளுக்கு மேல் எழுதினார். ஆனால் அந்த முதற் பாட்டுத்தான் பாரிசிலும் தொரொன்ரோவிலும் மன்னாரிலும் பாடப்பட்டது. அதில் இரண்டாவது மன்றாட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நீண்ட மௌனம் ஒன்று இருக்கிறது. பாடகர் குழுக்கள் பொறுக்க முடியாமல் முந்திவிடும். “கொஞ்சம் குறைச்சு எழுதினால் என்ன மாஸ்டர்?” என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவர் குறைக்கவில்லை. பாட்டுத் தாளின் தலைப்பில் ‘றெ.க்கு’ என்று மட்டும் போட்டிருந்தார்.

‘றெ’ என்பது றெஜிஸ், அவருடைய தம்பி. 1990இல் ஊரைச் சுற்றிவளைத்த ராணுவம், ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட வளவில் வரிசையாக நடத்தியது. ஒரு ஜீப்பின் பின்பக்கத்தில், சாக்கால் தலையை மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டு, ஒருவனை இருத்தியிருந்தார்கள். அப்படிப்பட்டவனை எல்லோரும் தலையாட்டி என்பார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ, அவரை வேறாக நிறுத்துவார்கள். பதினெட்டு வயது றெஜிசை வேறாக நிறுத்தினார்கள். வேறாக நின்றவர்களில் யாரும் திரும்பி வரவில்லை. இதை அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி திரேசா எழுதிய கடிதம், மூன்று மாதம் கழித்து அம்புறோசின் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: சாக்குப் போட்டிருந்தவனின் இடது காலில் சின்ன விரல் இல்லை, முன்னுக்கு நடந்த ஆட்கள் கண்டிருக்கிறார்கள்.

1999 ஓகஸ்டில், தமிழர்கள் வருடாவருடம் போகிற கேவலார் மாதா யாத்திரையில், அம்புறோஸ் அந்தக் காலைக் கண்டார். கிறகோரி மூன்று வருடத்துக்கு முன்புதான் ஜெர்மனிக்கு வந்தவர். அடுத்த ஊர்க்காரர், அம்புறோசைவிட ஐந்து வயது மூத்தவர். ஊரில் இரண்டு பேருக்கும் பழக்கமில்லை. மதியம் புல்லில் இருந்து சாப்பிடும்போது, நடந்த களைப்பில் கிறகோரி சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். அம்புறோசின் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அவர் அதை முழுவதும் குடித்து முடித்தார்.

மனைவி பேர்பெச்சுவாவிடம் மட்டும் சொன்னார்.

“கடலுக்குப் போறவனுக்கு விரல் போறது புதினமே?” என்றார் பேர்பெச்சுவா. “என்ர அப்புவுக்கு ரெண்டு விரல் இல்லை. அப்ப அவரும் தலையாட்டியோ?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“சொல்லாதேங்கோ. ஆரிட்டையும் சொல்லாதேங்கோ.”

அவர் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் கண்ணாடியில் அந்த மூன்றாவது வரிசையைப் பார்த்தார். கிறகோரியின் மகள் மிதுஷாவின் முதல் நன்மைக்கு வாசித்தார். அவளுடைய கல்யாணத்துக்கு வாசித்தார். பூசை முடிந்து கீழே இறங்கும்போது கிறகோரி பல நாள் படியடியில் நிற்பார். “நல்லா வாசிச்சியள்” என்று கையை நீட்டுவார். அம்புறோஸ் கையைக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து, அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் சாப்பிடுவார்.

கொரோனாக் காலத்தில் பூசைகளை இணையத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார்கள். கட்டுப்பாடுகள் முடிந்த பிறகும் அடக்கப் பூசைகளுக்கு அது வழக்கமாயிற்று. செத்தவர் ஜெர்மனியில், சகோதரங்கள் கனடாவில், பெரியம்மா மன்னாரில் என்றால் வேறு வழியில்லை. முதலில் வாங்கில் வைத்த கைத்தொலைபேசியால்தான் எடுத்தார்கள். அதில் ஓர்கன் சத்தம் போத்தலுக்குள் அடைத்த வண்டுபோலக் கேட்டது. அம்புறோசால் அதைத் தாங்க முடியவில்லை. நல்ல மைக் ஒன்றை வாங்கி, ஓர்கன் மாடத்தின் கம்பித் தடுப்பில் தானே பூட்டி, வயரைக் கீழே இறக்கினார். அவருடைய பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் பொத்தானை அமத்தினால் பச்சை விளக்கு எரியும். மாடத்துச் சத்தம் உலகம் முழுவதும் போகும். பூசைத் தொடக்க மணி அடிக்கும்போது அமத்துவார், முடிந்ததும் நிற்பாட்டுவார். நான்கு வருடத்தில் ஒரு தரமும் பிழை விட்டதில்லை.

2024 பெப்ரவரியில் கிறகோரி செத்தார். நெஞ்சுவலி, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அறுபத்தாறு வயது.

அடக்கப் பூசைக்கான பாட்டுப் பட்டியலைக் கிறகோரியின் மனைவி தேவமலர் எழுதி, தமிழ்ப் பூசை வைக்கும் டக்ளஸ் ஃபாதரிடம் கொடுத்திருந்தார். முதல் வரி: அம்புறோஸ் மாஸ்டரின் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’. அவருக்கு விருப்பமான பாட்டு என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அம்புறோஸ் அதைப் பார்த்தார். பேனையை எடுத்து வெட்டிவிட்டு, பழைய மெட்டு ஒன்றின் இலக்கத்தை எழுதினார். யாருக்கும் சொல்லவில்லை.

தேவமலர் இன்னொன்றும் கேட்டிருந்தார். பூசைக்கு முன்பு சொல்லுகிற செபமாலையையும் ஊரில் உள்ளவர்கள் கேட்கவேண்டும், மைக்கைக் கொஞ்சம் முந்திப் போட முடியுமா? அதனால் அன்று அம்புறோஸ், மணி அடிக்க இருபது நிமிடத்துக்கு முன்பே பொத்தானை அமத்தினார். கீழே சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். செபமாலை தொடங்கியது. அவர் பாட்டுத் தாள்களை அடுக்கினார். பச்சை விளக்கின் மேல் ஒரு தாள் வந்து மூடியது.

பாடகர் குழுவின் மூத்த பாடகி சுஜீவா மூச்சு வாங்க மாடத்துக்கு ஏறிவந்தார்.

“எத்தினை படி அண்ணை இது? என்னையும் அந்தப் பெட்டியுக்கை வைக்கப்போறியளோ?”

“இருந்து மூச்சை எடு.”

சுஜீவா பட்டியலைப் பார்த்தார். “இதென்ன, உங்கட பாட்டை வெட்டிக் கிடக்கு? தேவமலர் அக்கா அதைத்தானே கேட்டவ.”

“இண்டைக்கு அது இல்லை.”

“ஏன்? மற்றவையின்ர செத்தவீட்டுக்கெல்லாம் படிச்சனாங்கள். இந்த மனுசன் சாகேக்கை மட்டும் பெரிய லெவல் காட்டுறியளோ?”

கீழே செபமாலையின் ஒரு பத்து முடிந்து, அடுத்த பத்துக்கு முன் ஒரு சிறு அமைதி வந்தது. அம்புறோஸ் அந்த அமைதியில் சொன்னார்:

“அது என்ர தம்பிக்கு எழுதினது. தம்பியைத் தலையாட்டிக் காட்டிக்குடுத்தவன் அந்தப் பெட்டியுக்கை கிடக்கிறான். அவனுக்கு அதை வாசிக்க எனக்கு ஏலாது.”

சுஜீவா அவரையே பார்த்தார்.  பிறகு இருமல் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, தாள்களைப் புரட்டினார். மணி அடித்தது. அம்புறோஸ் பொத்தானைத் தேடித் தாளை நகர்த்தினார். பச்சை விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

அவருக்கு உடனே விளங்கியது. ஆனால் குரு நடந்து வந்துகொண்டிருந்தார், வாசிக்கவேண்டியிருந்தது. வாசித்தார். முதல் வாசகத்தின்போது கண்ணாடியில் பார்த்தார். முன்வரிசையில் மிதுஷா கைப்பையைத் திறந்து தொலைபேசியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினாள். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் திரும்பி மேலே பார்த்தன. தேவமலர் மட்டும் திரும்பவில்லை. சுஜீவாவின் தொலைபேசியில் பதினாறு அழைப்புகள் விழுந்திருந்தன. முழங்கால் நோவால் வீட்டிலிருந்து நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த பேர்பெச்சுவாவின் அழைப்பு அதில் ஏழு.

அம்புறோஸ் கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரு சுரமும் பிழைக்காமல் வாசித்தார். அதையும் பிறகு ஒரு குற்றமாகச் சொன்னார்கள்.

பின்னேரத்துக்குள் அந்தப் பன்னிரண்டு விநாடிகளை யாரோ வெட்டியெடுத்து அனுப்பிவிட்டார்கள். லண்டனிலிருந்து, நோர்வேயிலிருந்து, தெரியாத இலக்கங்களிலிருந்து ஆட்கள் தொலைபேசி எடுத்தார்கள். சிலர் ஏசினார்கள். சிலர் தங்கள் வீட்டில் போனவர்களின் பெயரைச் சொல்லி, அதையும் கிறகோரிதான் காட்டினாரா என்று கேட்டார்கள். 

ஊரிலிருந்து திரேசா எடுத்தாள். அழுதுகொண்டே பேசினாள். “அண்ணை, இப்பவாவது ஒராள் வாயைத் திறந்து சொல்லிச்சே. அம்மா இருந்திருந்தால்...”  அம்மா செத்து இருபது வருடத்துக்கு மேல்.

அடுத்த கிழமை மிதுஷாவின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. இறந்தவரின் நினைவை இழிவுபடுத்துவது ஜெர்மனியில் குற்றம். பகிரங்கமாக மறுத்துச் சொன்னால் வழக்கு இல்லை, இல்லாவிட்டால் பொலிசுக்குப் போவோம் என்று இருந்தது. பங்குத் தந்தையான ஜெர்மன் குரு ஒரு தேர்மின் கொடுத்து, நேரம் குறித்துக் கூப்பிட்டார். அவர் நல்ல மனுசர். கடிதத்தின் பிரதி அவருக்கும் போயிருந்தது. விஷயம் தீரும்வரை ஜெர்மன் பூசைக்கும் வாசிக்கவேண்டாம் என்றார். தீராவிட்டால், என்று சொல்லத் தொடங்கி வசனத்தை முடிக்காமல் விட்டார். மாடத்துக் கதவின் திறப்பை இப்போதைக்கு அம்புறோசே வைத்திருக்கலாம், வார நாட்களில் பழகலாம் என்றார்.

டக்ளஸ் ஃபாதர் வீட்டுக்கே வந்தார். வயதில் இளையவர், அந்தச் சுற்றிவளைப்பு நடந்தபோது பிறந்திருக்கவில்லை.

“மாஸ்டர், சாட்சி ஏதும் இருக்கோ?”

“கால்விரல்.”

“அதை மட்டும் வைச்சோ?”

“அம்மா எழுதினது.”

“அம்மா கண்டவவோ?”

 அம்மா தன் கண்ணால் காணவில்லை. முன்னால் நடந்தவர்கள் கண்டதாக யாரோ சொன்னதை அம்மா சொன்னார், அதைத் திரேசா எழுதினாள்.

“முப்பத்தோராம் நாள் பூசைக்கு எல்லாரும் வருவினம்,” என்றார் ஃபாதர். “அதே மைக்கிலை, நான் சொன்னது பிழை எண்டு ஒரு வசனம் சொல்லுங்கோ. எல்லாம் முடிஞ்சிடும். உங்கட இடம் உங்களுக்குத்தான்.”

அவர் போன பிறகு பேர்பெச்சுவா அதையே வேறு விதமாகச் சொன்னார். “வேலையையும் விட்டாச்சு. பிள்ளையளும் இல்லை. அந்த வாங்கு இல்லாட்டி விடிஞ்சால் பொழுதுபட்டால் என்ன செய்வியள்? இந்தச் சுவரையும் என்னையும் பாத்துக்கொண்டிருப்பியளோ?”

“பிழை எண்டு சொன்னால், றெஜிசை ஒருத்தரும் காட்டிக்குடுக்கேல்லை எண்டு ஆகும்.”

“ஆகட்டும். அவன் வரப்போறானே?”

அம்புறோஸ் வெளிச்சட்டையைப் போட்டுக்கொண்டு கோவிலுக்கு நடந்தார்.

இருபத்தாறாம் நாள், ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவர் மாடத்தில் இருந்து விரற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். படியில் சத்தம் கேட்டது. மெதுவான சத்தம், இரண்டு படி, ஒரு ஓய்வு. யார் என்று பார்க்க எழும்பினார். தேவமலர் கம்பியைப் பிடித்தபடி கடைசித் திருப்பத்தில் நின்றார். கறுப்புக் கம்பளிச் சட்டை. நெற்றியில் வியர்வை.

அம்புறோஸ் பாடகர் கதிரையை இழுத்துப் போட்டார். தேவமலர் அதில் இருந்தார். முதலில் மைக் பெட்டியைக் காட்டினார்.

“அது நூத்திருக்குதோ?”

“ஓம் அக்கா. விளக்கு இல்லை, பாருங்கோ.”

“வயரைக் கழட்டுங்கோ.”

அவர் வயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தேவமலர் கொஞ்ச நேரம் கீழே வெறும் வாங்குகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நீங்கள் சொன்னது சரி. அவர்தான்.”

 முப்பத்துநான்கு வருடம் அம்புறோஸ் கேட்கக் காத்திருந்த வசனம் அது. கேட்டபோது காலுக்கடியில் ஒன்றும் இல்லாததுபோல இருந்தது.

“கலியாணம் முடிச்சு ரெண்டாம் வருசம் எனக்குச் சொன்னவர். மூண்டு நாள் முகாமிலை தலைகீழாக் கட்டி வைச்சிருந்தவங்கள். நாலாம் நாள் சாக்கைப் போட்டு இருத்தினவங்கள். ஆக்களைக் காட்டாட்டித் திருப்பிக் கொண்டுபோவம் எண்டவங்கள். தெரியாத ஊர்ப் பெடியளாப் பாத்து ஆட்டினதாம். தெரியாதவன் எண்டால் மனசு கொஞ்சம் கேக்குமாம். அப்பிடித்தான் சொன்னவர்.”

“றெஜிசை அவருக்குத் தெரியாது,” என்றார் அம்புறோஸ். “நாங்கள் வேறை ஊர்.”

“அவருக்குத் தெரியாது. உங்கட தம்பிக்கு அவரைத் தெரியும். இவர் ஒருக்கால் உங்கட கோவில் திருநாளிலை வெறுங்காலோடை பந்து அடிக்க வந்தவர், அதிலை கண்டிருக்கவேணும். எல்லாரையும் குனிஞ்சு நடக்கச் சொன்னது. உங்கட தம்பி குனிஞ்சு வந்தவர், காலைக் கண்டிட்டார். கண்டிட்டு, மெல்லமா, ‘கிறகோரி அண்ணை’ எண்டு கூப்பிட்டவராம்.”

 அம்புறோஸ் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“கூப்பிட்டதாலைதான் ஆட்டினவர். வெளியிலை போய்ச் சொல்லிப்போடுவான் எண்ட பயம். மற்றவையைப் பற்றி அவர் அவ்வளவு சொல்லேல்லை. இந்த ஒராளைத்தான் சாகுமட்டும் சொன்னவர். இஞ்ச வந்து உங்கட பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, பிறகு அந்தப் பாட்டுத் தாளிலை ‘றெ.க்கு’ எண்டிருக்கிறதைக் கண்டு, ஆருக்கு எண்டு விசாரிச்சு அறிஞ்சவர். அதுக்குப் பிறகு ஒரு பூசையும் விடேல்லை. காய்ச்சலோடையும் வருவார்.”

“என்னட்டை வந்து சொல்லியிருக்கலாமே.”

“படியடியிலை நிண்டவர்தானே எத்தினை நாள். நீங்கள் கையைத் தந்திட்டுப் போயிடுவியள்.”

கீழே யாரோ கதவைத் திறந்து, மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டுப் போனார்கள். கதவு மூடும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

“இப்ப ஏன் எனக்குச் சொல்லுறியள்?” என்று கேட்டார் அம்புறோஸ்.

“முப்பத்தோராம் நாள் நீங்கள் அது பிழை எண்டு சொல்லவேணும். அதைக் கேக்கத்தான் வந்தனான். மிதுஷாவுக்கு ஒண்டும் தெரியாது. தேப்பன் எண்டால் அவளுக்கு உயிர். வயித்திலை பிள்ளை. அவளின்ர புருசன்வீட்டிலை ரெண்டு பேரை இப்பிடித்தான் பிடிச்சுக்கொண்டு போனது. மாமி இப்ப அவளோடை கதைக்கிறேல்லை.” தேவமலர் முகத்தைத் துடைத்தார். “உங்களுக்குப் பொய்யைச் சொல்லிப்போட்டு, உங்களைப் பொய் சொல்லச் சொல்லிக் கேக்க எனக்கு மனம் வரேல்லை. அதாலை உள்ளதைச் சொன்னனான். நீங்கள் இதையும் கொண்டுபோய்ச் சொல்லலாம். நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்.”

“என்ர தங்கச்சி ஊரிலை இருக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?”

“அது எனக்குத் தெரியாது தம்பி.”

தேவமலர் எழும்பினார். அம்புறோஸ் இறங்கக் கை கொடுக்கப் போனார். அவர் வேண்டாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதற் படியில் நின்று, திரும்பாமலே கேட்டார்: “அந்தப் பாட்டையும் வாசிப்பியளோ?”

 இரண்டு படி, ஒரு ஓய்வு. சத்தம் கீழே போய் முடிந்தது.

மிச்சம் ஐந்து நாள் இருந்தன. தேவமலர் வந்ததை அம்புறோஸ் பேர்பெச்சுவாவிடமும் சொல்லவில்லை. அம்மாவின் கடிதத்தை எடுத்து ஒரு தரம் வாசித்தார். ‘முன்னுக்கு நடந்த ஆட்கள் கண்டிருக்கிறார்கள்’ என்ற வரியில் பொய் எதுவும் இல்லை. அதற்குப் பின்னால் நடந்த ஒருவனும் கண்டிருக்கிறான், அவன் கூப்பிட்டிருக்கிறான் என்பது மட்டும் அதில் இல்லை. தம்பி யாரையும் பெரிய சத்தமாகக் கூப்பிடமாட்டான். வீட்டிலும் அப்படித்தான், பக்கத்தில் வந்து நின்று, காதோடு, ‘அண்ணை’ என்பான். அம்புறோஸ் அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை. கோவில் நிறைந்திருந்தது. அடக்கத்துக்கு வராதவர்களும் அன்றைக்கு வந்தார்கள். சுஜீவா மாடத்துக்கு ஏறிவந்து, வழக்கமான பகிடி எதுவும் விடாமல் தன் இடத்தில் நின்றார். மணிக்கு முன்பு அம்புறோஸ் பொத்தானை அமத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. அதன் மேல் ஒரு தாளும் இல்லை. மைக்குக்கு முன்னால் நின்று, எழுதி வைத்திருந்ததை வாசித்தார்.

“காலஞ்சென்ற கிறகோரி அவர்களைப் பற்றி நான் அன்று இந்த இடத்திலிருந்து சொன்னது பிழை. அதற்கு என்னிடம் சாட்சி எதுவும் இல்லை. அவருடைய மனைவியிடமும் மகளிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.”

கீழே ஒரு பெருமூச்சு வரிசைக்கு வரிசை போவதுபோலக் கேட்டது. மிதுஷா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்த மாமியார், கொஞ்ச நேரம் கழித்து, அவளுடைய தோளில் கையை வைத்தார். அம்புறோஸ் அதைக் கண்ணாடியில் பார்த்தார்.

பிறகு வாங்கில் இருந்துகொண்டு, தன்னுடைய ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ தாளை எடுத்து வைத்தார். சுஜீவா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையால் தொடங்கு என்று காட்டினார். முதல் மன்றாட்டு. இரண்டாவது. அந்த மௌனத்தில் இந்த முறை யாரும் முந்தவில்லை. அம்புறோஸ் கைகளைத் தூக்கி வைத்திருந்தார், வழக்கத்தைவிட நீளமாக. சுஜீவா வாயைத் திறந்து காத்துக்கொண்டு நின்றார். கீழே சிலர் இருமினார்கள். பீடத்தில் டக்ளஸ் ஃபாதர் நிமிர்ந்து மேலே பார்த்தார். கடைசியில் சுஜீவா ஓர்கன் இல்லாமலே மூன்றாவதைத் தொடங்கினார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அம்புறோஸ் கைகளை மடியில் வைத்தார். அது முடிந்த பிறகு, அடுத்ததிலிருந்து கடைசி வரை ஒழுங்காக வாசித்தார்.

வழக்கறிஞரிடமிருந்து மேலே கடிதம் வரவில்லை. ஜெர்மன் குரு தொலைபேசியில் மகிழ்ச்சி என்றார், ஞாயிறு ஒன்பதரைக்கு வரச் சொன்னார். தொரொன்ரோவிலிருந்து எடுத்தவர்கள், பெரிய மனசு என்றார்கள்.

ஞாயிறு காலை, அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது திரேசா எடுத்தாள். இந்த முறை அழவில்லை.

“அண்ணை, அது பிழை எண்டு ஏன் சொன்னனீ?”

“சாட்சி இல்லையே திரேசா.”

“அம்மா சொன்னது சாட்சி இல்லையோ? என்ர கையாலை எழுதினனான். அப்ப அம்மா பொய்காரியோ?”

“அம்மா பொய் சொல்லேல்லை.”

“பின்னை? உனக்கு அங்க அவையளோடை இருக்கவேணும். ஓர்கன் வாசிக்கவேணும். அதுக்காக றெஜிசை வித்துப்போட்டாய்.”

அவருக்கு இப்போது எல்லாம் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டது, குனிந்து நடந்தது, பயம். ஒரு வசனம் போதும். சொன்னால், திரேசா அதை வைத்துக்கொண்டு இருக்கமாட்டாள். நாளைக்கு ஊருக்குத் தெரியும், நாளை மறுநாள் மிதுஷாவுக்கு.

“அண்ணை, கதையன்.”

“எனக்கு ஒண்டும் தெரியாது திரேசா.”

அந்தப் பக்கம் கோழி கத்துகிற சத்தமும், யாரோ தண்ணீர் அள்ளுகிற சத்தமும் கேட்டன. பிறகு அவள் சொன்னாள்: “ஆனியிலை அவன்ர நினைவுப் பூசை. வருசாவருசம் உன்ர பாட்டுத்தான் படிக்கிறனாங்கள். இனிப் படிக்கமாட்டம். வேறை பாட்டு எடுக்கச் சொல்லிச் சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டன்.”

“சரி,” என்றார் அம்புறோஸ்.

அவள் வைத்துவிட்டாள். மணி ஒன்பது. பேர்பெச்சுவா குசினியிலிருந்து, பூசைக்கு நேரமாகிவிட்டது என்றார். அவர் மற்றச் சப்பாத்தின் நாடாவையும் கட்டிக்கொண்டு வெளியே போனார்.